முகம் கழுவ விடாத படம்

இலை தடித்து வளரவென்று புகையிலைச் செடியின் தலையை முறிக்கும்போது "சடக்" என்று ஒரு சத்தம் வரும், கூடவே முறிந்த இடத்தில் ஊறும் பிசினின் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறி நாக்கின் அடிவரை போய் நிற்கும். கையில் பட்டால் முதலில் தேன் மாதிரி ஒட்டும். பிறகு தூசியும் மண்ணும் சேர்ந்து தார் மாதிரிக் கறுத்துவிடும். தேங்காயெண்ணெய் பூசி, தேசிக்காய்த் தோலால் உரசி, மணல் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இரண்டு நாளைக்கு மிச்சம் இருக்கும். மிஷன் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்த பிள்ளைகள் மூக்கைச் சுளித்தபோதெல்லாம் நான் கைகளைச் சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெட்கப்படுவதற்கு அதைவிட நல்ல வயது இல்லை.

எங்கள் வீடு சண்டிலிப்பாயில், தோட்டத்தின் ஓரத்திலேயே இருந்தது. தகப்பனை நாங்கள் "ஐயா" என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவிடம் ஆறு பரப்புத் தோட்டம் இருந்தது. மாசி மாதத்தில் புகையிலைக்குத் தலை முறிக்கும் நாட்களில் அவர் விடியுமுன்னே கோவணம் மாதிரி ஒரு கச்சையை மட்டும் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். ஏன் என்று கேட்டால், "பிசின் பட்ட சீலை பிணத்துக்கும் ஆகாது" என்பார். அது அவருடைய சொந்தப் பழமொழி. வெயில் ஏறியதும் கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிய பிறகுதான் படலையைத் தாண்டி ஒழுங்கையில் கால் வைப்பார். பக்கத்துத் தோட்டக்காரர்களும் அதே கோலத்தில்தான் நிற்பார்கள் என்றாலும், தலையை நிமிர்த்தாமலே கதைப்பார்களே தவிர ஆளை ஆள் பார்க்கமாட்டார்கள். யாரும் எழுதிவைக்காத அந்தச் சட்டத்தை எங்கள் ஊரில் ஒருவரும் மீறியதில்லை. மீறியது நான்தான். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த காலம் அது. வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வான் வானாக வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் சுமி அக்கா. ஐந்து வயதில் ஊரை விட்டுப் போய் லண்டனில் வளர்ந்தவர். தலைமயிரைக் கட்டையாக வெட்டி, பெரிய சப்பாத்துப் போட்டு, குழந்தைப் பிள்ளையின் தமிழ் பேசுவார். உலகத்தின் மூலைமுடுக்கெல்லாம் மாறிக்கொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றி "விவரணப் படம்" எடுப்பது அவருடைய தொழில். இந்த முறை சண்டைக்குப் பின் தோட்டம் செய்கிற ஒரு குடும்பத்தை எடுக்க வேண்டுமாம். கூட ஒரு நெட்டையான வெள்ளைக்காரக் கமெராக்காரர். தெல்லிப்பழையில் ஒரு விடுதியில் தங்கிக்கொண்டு பத்து நாளாக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஜிம்மி என்கிற எங்கள் நாய் அவர்களைக் கண்டால் சங்கிலியை அறுப்பதுபோல நின்று குரைக்கும். கடைசி நாள்வரைக்கும் அது சமாதானத்துக்கு வரவேயில்லை.

முதல் நாள் நடந்த கூத்தைச் சொல்லாமல் விடமுடியாது. "எங்களை உலகம் முழுக்கக் காட்டப்போயினம்" என்று அம்மா நான்கு வீட்டில் கதிரை இரவல் வாங்கினா, முற்றத்துக்குச் சாணி தெளித்தா, சோடா வாங்கி வாளித் தண்ணீரில் போட்டு வைத்தா. பிறகு தன்னுடைய கூறைச் சேலையை உடுத்துக்கொண்டு புகையிலைக்குள் இறங்கிப் புல்லுப் பிடுங்கினா. ஐயா, கலியாணத்துக்குத் தைத்த "நஷனல்" சட்டையும் சரிகை வேட்டியும் தோளில் சால்வையுமாக, கோவில் தேருக்கு நிற்கிற மாதிரிச் செடிகளுக்கு நடுவில் நின்றார். சுமி அக்கா தலையில் கை வைத்துவிட்டார்.

"ஐயா, வழமையா எப்பிடி இருப்பியளோ அப்பிடியே இருங்கோ."

"வழமையா இருக்கிறதுக்கு ஏன் பிள்ளை கமெரா?"

"இல்லை ஐயா, வேலை செய்யிற உடுப்போடை..."

"வேலை செய்யிற உடுப்பிலை நான் வேலைதான் செய்வன். படத்துக்கு நிக்கமாட்டன்." அத்தோடு கதை முடிந்தது. அம்மா நடுவில் புகுந்து, "இந்தாங்கோ பிள்ளை, முதல் சோடாவைக் குடியுங்கோ" என்றா.

அதற்குப் பிறகும் அவர்கள் வந்தார்கள். ஐயாவின் மனம் இளகட்டும் என்றோ என்னவோ, தான் முன்பு எடுத்த படங்களைச் சுமி அக்கா எங்களுக்குப் போட்டுக் காட்டினார். மடிக்கணினி என்ற ஒன்றை நாங்கள் அன்றுதான் கண்டோம். விறாந்தையில் கதிரையின் மேல் அதை வைத்து, நான்கு மணிக்கே கதவைச் சாத்தி இருட்டாக்கிக்கொண்டு பார்த்தோம். உறைந்த கடலில் துளை போட்டு மீன் பிடிக்கிற பெண்கள், மேடை மாதிரி வெட்டிய மலையில் நெல் நடுகிறவர்கள் எல்லாம் வந்தார்கள். ஒரு மலைநாட்டில், அணை கட்டுவதற்காகக் கிராமத்தையே காலி செய்தபோது, வீட்டுக் கதவை மட்டும் கழற்றி முதுகில் சுமந்துகொண்டு போன ஒரு மனிதரும் வந்தார். அவரைப் பார்த்ததும் அம்மா பெருமூச்சு விட்டா. "கதவைக் கொண்டு போறவனுக்கு மூளை இருக்கு. இடம்பெயரேக்கை நாங்கள் அம்மிக்கல்லை எல்லே காவினனாங்கள்!"

எனக்கோ பைத்தியம் பிடித்துவிட்டது. பெயர் தெரியாத நாட்டில், பெயர் தெரியாத ஒரு மனிதர் சோறு தின்பதையும் சப்பாத்துக் கழற்றுவதையும் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. சண்டை, பதுங்குகுழி, பள்ளிக்கூடம், புகையிலை என்று நாலு சுவருக்குள் வளர்ந்த பெண்பிள்ளைக்கு யாரோ ஒரு யன்னலைத் திறந்து விட்டார்கள். இன்றைக்கும் அப்படிப்பட்ட படங்களென்றால் நான் உலையில் அரிசி போட்டதையும் மறந்துவிடுவேன்.

கடைசியாக நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒருவரைக் காட்டினார்கள். குழிக்குள்ளிருந்து ஏறி வருகிறார். முகமெல்லாம் கரி, கண் இரண்டும் மட்டும் வெள்ளை. கமெரா அந்த முகத்தின் கிட்டப் போய் நெடுநேரம் நின்றது. நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். ஐயா தொண்டையைச் செருமினார்.

"உந்த மனிசனுக்கு முகம் கழுவ ஒரு அஞ்சு நிமிசம் குடுத்திருக்கலாம்."

சுமி அக்கா சிரித்தார். "அதுதான் ஐயா அவரின்ரை உண்மையான முகம்."

"முகம் அவரின்ரைதான், பிள்ளை. கரி அவரின்ரை இல்லையே."

சுமி அக்கா மடிக்கணினியை மூடிப் பைக்குள் வைத்தார். எனக்கோ ஐயா மேல் கோபம்தான் வந்தது. இப்படிப் பட்டிக்காட்டுக் கதை கதைத்து மானத்தை வாங்குகிறாரே என்று பல்லைக் கடித்தேன்.

அவர்கள் திரும்பிப் போவதற்கு இரண்டு நாள் இருக்கையில், கிணற்றடியில் சுமி அக்கா என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார். "ஐயா எத்தினை மணிக்குத் தோட்டத்துக்கு இறங்கிறவர்?" அவர் ஏன் கேட்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று இன்றைக்குச் சொன்னால் அது நான்காவது பொய்யாகும். சொன்னேன். தோட்டத்துக் கிழக்கு வேலியில் ஆட்கள் குனிந்து போய்வருகிற இடைவெளி ஒன்று உண்டு, "கண்டாயம்" என்போம். அதற்குள்ளால் பார்த்தால் நல்லாகத் தெரியும் என்றும் சொன்னேன். "ஐயா ஏசமாட்டாரே? அவரிட்டைக் கேட்டனீரே?" என்றார் சுமி அக்கா. "ஓம், கேட்டனான். அவருக்குத் தெரியும்" என்றேன். முதற் பொய் அது. அதற்குக் கூலியாக, படம் பிடிக்கும்போது சத்தம் கேட்கிற கருவியை என் காதில் மாட்டிவிடுவதாகச் சொன்னார். அதற்காகத்தான் ஐயாவை விற்றேன். யூதாசு கூட அதைவிடக் கூடுதலாக வாங்கினான் என்று எங்கள் வேதபாட ரீச்சர் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் பொழுது புலர்கிற நேரம், நானும் அவர்களும் வேலிக்கு வெளியே குந்தியிருந்தோம். கண்டாயத்தை மூடியிருந்த ஓலைத் தட்டியை நான்தான் விலக்கிவிட்டேன். ஐயா அவிழ்த்துக் கூட்டி வந்திருந்த ஜிம்மிக்கு மணம் பிடித்துவிட்டது. ஆனால் முன்னால் என்னைக் கண்டதால் குரைக்கவில்லை, வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டியது. கைகாட்டி அதை இருத்தினேன்.

ஐயா கச்சையோடு நின்றார். கை, மார்பு, கன்னம் எல்லாம் பிசின் பட்டுக் கறுத்திருந்தது. என் காதில் மாட்டியிருந்த கருவிக்குள்ளால் அவருடைய மூச்சுக்கூடக் கேட்டது. பிறகு அவர் கதைக்கிறது கேட்டது. தனியே நிற்கிற மனிதர் யாரோடு கதைக்கிறார் என்று உற்றுக் கேட்டேன். செடிகளோடு! ஒவ்வொரு தலையையும் முறிக்கும் முன்னர், "நோகாது, நோகாது... ஒருக்காத்தான்" என்றார். அடுத்த செடிக்குப் போனார். "பொறு மோனை, ஒருக்காத்தான்." அதே குரலில்தான் எனக்கு முள் எடுத்திருக்கிறார். ஆனால் அந்தக் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போகவேண்டும் என்று தோன்றவில்லை.

சுமி அக்கா என் காதருகே குனிந்து, "ஏன் இவர் சட்டை போடேல்லை?" என்று கேட்டார். பிசின் பட்டால் துணி போய்விடும், அதனால்தான் என்று ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். ஆனால் பிசினைப் பற்றிக் கதைத்தால் என் நகக்கண்ணைப் பார்ப்பாரோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. "தெரியாது" என்றேன். இரண்டாவது பொய் அது. நான் அப்படி விட்ட இடைவெளியில் படம் தன்னுடைய வசனத்தை வைத்துக்கொண்டது.

அடுத்த வருசம் படம் முடிந்து ஓர் ஒளித்தட்டாக எங்கள் ஊர் வாசிகசாலைக்கு வந்து சேர்ந்தது. தமிழிலும் குரல் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் ரீவி வைத்து, ஊரைக் கூட்டி, ஐயாவை முன்வரிசையில் வாசிகசாலைத் தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார்கள். நஷனலும் சால்வையுமாக ஐயா மாப்பிள்ளை மாதிரி இருந்தார். படத்தில் முதலில் கடல் வந்தது, பனங்கூடல் வந்தது, இடிந்த வீடுகள் வந்தன. பிறகு ஐயா வந்தார். கச்சையோடு, முதுகும் பின்பக்கமும் தெரிய, முழுத்திரையிலும் வந்தார். "போர் இந்த விவசாயிக்கு மிச்சம் வைத்தது ஒரு முழத் துணி மட்டுமே" என்றது ஒரு கனத்த குரல். "நோகாது" என்று அவர் செடியோடு கதைத்த சத்தத்துக்கு மேலே அந்தக் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் இருந்த பெடியன்கள் "ஓ!" என்று விசிலடித்தார்கள். யாரோ ஒரு பெரியவர் அதட்டினார். ஐயா எழும்பவில்லை. கடைசி எழுத்து ஓடி முடியும்வரை இருந்து, தேத்தண்ணி வாங்கிக் குடித்து, தலைவருக்குக் கைகூப்பிவிட்டுத்தான் வெளியே வந்தார். சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டு நடந்தார். பின்னால் அம்மாவும் நானும். எங்கள் படலைக்குக் கிட்ட வந்ததும்தான் வாயைத் திறந்தார்.

"கண்டாயத்துத் தட்டியை ஆர் எடுத்து விட்டது?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "எனக்குத் தெரியாதையா" என்றேன். மூன்றாவது பொய். அம்மா என் முகத்தை ஒருக்கால் பார்த்துவிட்டு, "நான்தான் விட்டனான். வந்த பிள்ளையள் வெறுங்கையோடை போகக்கூடாதெண்டு..." என்றா.

ஐயா "ம்" என்றார். அதற்குப் பிறகு ஆடிப்பிறப்புவரை அம்மாவோடு அவர் கதைக்கவில்லை. சோறு வேண்டுமென்றால் என்னிடம்தான் சொல்வார், "அம்மாவிட்டைச் சொல்லு" என்று. அம்மாவும் "ஐயாவிட்டைச் சொல்லு, குழம்பு இறக்கேல்லை" என்பா. இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரியாக ஓடித்திரிந்தேன். ஓடின ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்கலாம், "ஐயா, அது நான்" என்று. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். உண்மையை ஆறவிட்டால் பிறகு வாயில் வைக்க முடியாது.

ஊர் அவருக்கு "கச்சை நடிகர்" என்று பட்டம் வைத்தது. பட்டம் வைப்பதில் எங்கள் ஊரை விஞ்ச ஆளில்லை. அதைவிட எனக்கு நொந்தது வேறொன்று. அடுத்த மாசியில் ஐயா முழுக்கைச் சட்டையும் சாரமுமாகத் தோட்டத்துக்கு இறங்கினார். வியர்த்துக் கொட்டியது, பிசின் ஏறிச் சட்டை பலகை மாதிரி விறைத்தது, கழற்றவில்லை. தலை முறிக்கும் காலம் முடிய அந்தச் சட்டையை அடுப்பில் போட்டார். பிறகு ஒவ்வொரு வருசமும் ஒரு சட்டை. தன்னுடைய காணிக்குள், தன்னுடைய வேலிக்குள், அந்த மனிதன் சாகும்வரை வெறும் மேலோடு நிற்கவில்லை. பிணத்துக்கும் ஆகாத சீலையைப் பற்றிய பழமொழியையும் அவர் பிறகு சொல்லக் கேட்டதில்லை.

ஐயா போன புரட்டாதியில் போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும். செத்தவரின் வரலாறும் பாட்டும் போட்டு, முன் அட்டையில் படம் வைத்து வீடுவீடாகக் கொடுக்கிற புத்தகத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். படத்துக்கு எங்கே போவது? அடையாள அட்டைப் படத்தில் பொலிஸ் பிடித்த ஆள் மாதிரி முழிக்கிறார். கலியாணப் படத்தை இடம்பெயர்வில் கறையான் தின்றுவிட்டது. அப்போதுதான் அந்த விவரணப் படம் நினைவுக்கு வந்தது. தேடினேன், கைப்பேசியில் உடனே கிடைத்தது. உலகத்தில் யாரார் எல்லாமோ பார்த்து, "பாவம்" என்று எழுதியிருந்தார்கள். பிசின் பட்டால் துணி பாழாகும் என்பதற்காகத்தான் அவர் கச்சை கட்டினார், அலுமாரியில் அவருக்கு எட்டு வேட்டி இருந்தது என்று நான் கீழே எழுதினேன். இத்தனை வருசம் கழித்து! ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அம்மாவையும் கூப்பிட்டு இருத்திக் காட்டினேன். திரையில் ஐயா செடிக்குச் செடி நகர்ந்தார். அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஓரத்தில் நின்ற ஜிம்மியை விரலால் தொட்டா.

"நாய் வாலாட்டுது பார். அந்தக் கமெராக்காரரைக் கண்டா விழுந்து குரைக்கிற நாய். அண்டைக்கு வாசிகசாலையிலையே ஐயா இதைக் கண்டிட்டார்."

"எதை அம்மா?"

"வேலிக்குப் பின்னாலை நிண்டது நீ எண்டதை. நான் அந்த நேரம் அடுப்படியிலை எண்டது அவருக்குத் தெரியும்தானே. என்னிலை கோபம் நான் பொய் சொன்னதுக்குத்தான். ஆடிப்பிறப்பண்டு திரும்பக் கதைக்கேக்கை 'பிள்ளை தானா வந்து சொல்லும், நீ ஏன் குறுக்கை வந்தனீ' எண்டவர். கன காலம் பாத்துக்கொண்டிருந்தவர் மோனை."

நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என் பதின்மூன்று வயதிலிருந்து போன புரட்டாதிவரை அந்த மனிதர் எனக்கு எத்தனை பின்னேரம் தந்திருப்பார்! கிணற்றடியில், சைக்கிள் பாரில், பிறகு தெல்லிப்பழை ஆசுபத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா கிடந்தபோதும்கூட. நான் நோவுக்குக் குளிசை தரட்டோ என்று கேட்டேன்.

இப்போது அந்த ஆறு பரப்பில் புகையிலை இல்லை. பாதியில் ஒரு கலியாண மண்டபமும், அதற்கு வருகிறவர்கள் கார் விடுகிற இடமும் இருக்கின்றன. வேலிகளெல்லாம் மதில்களாகிவிட்டன, கண்டாயம் என்றால் என்னவென்று நான் படிப்பிக்கிற பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. வாசிகசாலைக் கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஜிம்மியைப் புதைத்த இடத்தில் யாரோ கொங்கிறீற்றுப் போட்டுவிட்டார்கள்.

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில் ஓரிடம் கிடைத்தது. ஐயா ஒரு செடியின் தலையைப் பிடித்தபடி, "ஒருக்காத்தான்" என்று சொல்லி முடித்த நேரம். அந்த முகத்தை வேறு எந்தப் படத்திலும் யாரும் எடுத்ததில்லை. அதை எடுத்துக்கொண்டு மானிப்பாயில் ஒரு படப்பிடிப்பு நிலையத்துக்குப் போனேன். செத்தவருக்குக் கணினியிலேயே கோட்டும் ரையும் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். உயிரோடு இருந்தபோது கோட்டைத் தொட்டும் பாராதவர்கள் எல்லாம் கல்வெட்டில் மந்திரிமார் மாதிரி இருப்பார்கள். நான் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. "கோட்டு வேண்டாம் தம்பி, ஒரு வெள்ளை நஷனல் போட்டுவிடுங்கோ. கழுத்துப் பொத்தானையும் பூட்டிவிடுங்கோ" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். பிறகு முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ரீச்சர், கன்னத்திலை கறுப்பாக் கிடக்கு. மச்சமோ? விடுறதோ, எடுக்கிறதோ?"

"மச்சம் இல்லைத் தம்பி, பிசின்" என்றேன். கடைசியில் அந்த வசனத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். "எடுத்து விடுங்கோ. அண்டைக்கு அவருக்கு முகம் கழுவ நேரம் குடுக்கேல்லை."